பள்ளி ஆண்டு மலர்: போனில் சேர்த்து, தாளில் தருவது

பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருப்பவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளியில் ஆண்டு மலர் நின்றுபோய் ஆறேழு வருடமாகிறது. இந்த வருடம் மறுபடியும் கொண்டுவர ஹெச்.எம். சம்மதித்துவிட்டார். இளைய ஆசிரியர்கள், 'அச்சு எதற்கு, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கலாம், பி.டி.எஃப். செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்' என்கிறார்கள். மூத்தவர்கள் புத்தகம்தான் வேண்டும் என்கிறார்கள். சுமார் 420 பிள்ளைகள் படிக்கிறார்கள். எதை எப்படிச் செய்வது? பிள்ளைகள் படத்தை நெட்டில் போடலாமா?"

டீச்சர், தருமபுரியில் கம்ப்யூட்டரில் பக்கம் கோக்கும் டி.டி.பி. வேலைக்கு வந்த நாள்முதல், இருபது வருடத்துக்கு மேலாக, நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் எத்தனையோ பள்ளி மலர்களைக் கோத்துக் கொடுத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலர் அச்சில் வரட்டும். அதைச் சேர்க்கிற வேலை முழுவதும் போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கட்டும். ஊருக்குச் சேதி சொல்ல மட்டும் சமூக ஊடகம். இந்த மூன்றும் இடம் மாறினால்தான் சிக்கல் வருகிறது.

ஏன் அச்சு என்று இளைய ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்டது. அதிலெல்லாம் படமும் வீடியோவும் போட்டு வைத்திருந்தவர்கள், 'அங்கேதானே இருக்கிறது, எங்கே போய்விடும்' என்றுதான் நினைத்திருந்தார்கள். எனக்கே ஓர் அனுபவம் உண்டு. பள்ளியின் பெயர் வேண்டாம். அவர்களுக்காக 72 பக்க மலரை அழகாகச் செய்து கொடுத்தேன். பணம் போதவில்லை என்று அச்சடிக்காமல், ஓர் ஆசிரியரின் சொந்த கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பினார்கள். அடுத்த வருட இடமாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போனார், போன் நம்பரும் மாறியது. இன்று அந்த இணைப்பைத் தட்டினால் ஒன்றும் வருவதில்லை. இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. என் பழைய ஹார்டு டிஸ்க்கும் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. அந்த வருடத்துப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னொன்று நீங்கள் அறிந்ததே. பல வீடுகளில் ஒரே ஒரு நல்ல போன்தான் இருக்கும். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும்போது அதுவும் கூடவே போய்விடும். சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத்தான் தெரியும். 60 எம்.பி. பி.டி.எஃப்.பை அந்த வீட்டுக்கு அனுப்புவது கொடுத்ததாகக் கணக்கில் வரும், கையில் வராது. புத்தகத்துக்கு ரீசார்ஜ் வேண்டாம். பாட்டியும் புரட்டிப் பார்ப்பாள், படத்தைத் தடவிப் பார்ப்பாள்.

சரி, டிஜிட்டல் கருவி எதற்குத்தான் உதவும்? யாரையும் விட்டுவிடாமல் இருக்க உதவும். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மலரைக் கையில் வாங்கிய பிள்ளை முதலில் தேடுவது தன் பெயரை. தலையங்கத்தையும் வாழ்த்துரையையும் அதற்கு அப்புறம்தான் பார்க்கும், பல பிள்ளைகள் பார்க்கவே மாட்டார்கள். நான் கோத்த மலர்கள் சிலவற்றில் வாழ்த்துரைக்கே பத்துப் பக்கம் போனதுண்டு. ஆனால் கடைசி பெஞ்சு பையன்கள் முப்பது நாற்பது பேர் எங்கேயும் இருக்கமாட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. என்.எஸ்.எஸ்., விளையாட்டு விழா, பேச்சுப் போட்டி என்று எங்கே படம் எடுத்தாலும் அதே இருபத்தைந்து முகங்கள் வரும். கையால் சேர்க்கும்போது இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கூகுள் ஷீட் அதைப் பளிச்சென்று காட்டிவிடும்.

எமிஸ் என்ற கல்வித்துறைத் தளத்தின் மாணவர் பட்டியலிலிருந்து வகுப்பு வாரியாகப் பெயர்களை எடுத்து ஒரே ஷீட்டில் போடுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு பிள்ளை. எமிஸ் எண், வகுப்பு, பெயர், ஊர், தனிப்படம் எடுத்தாயிற்றா, பெற்றோர் ஒப்புதல் வந்ததா, எழுதியதோ வரைந்ததோ என்ன, எந்தெந்தப் பக்கத்தில் வருகிறார் என்று கட்டங்கள் போதும். பக்கங்களைக் கோக்கத் தொடங்கியதும், வகுப்புப் படப் பக்கங்களைத் தவிர ஒவ்வொரு பக்கத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு ஷீட்டில் எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கவுன்ட்இஃப் என்ற சின்ன சூத்திரம், ஒவ்வொரு பிள்ளையும் மலரில் எத்தனை இடத்தில் வருகிறார் என்று எண்ணிக் கொடுத்துவிடும். வகுப்புப் படம் தவிர இன்னொரு இடத்திலாவது ஒவ்வொருவரும் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் விழுந்திருக்கிற வரிசைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், நீங்கள் இன்னும் பேசாத பிள்ளைகளின் பட்டியல் அதுதான். போய்ப் பேசுங்கள். ஒருவன் பசு வைத்திருப்பான், ஒருத்தி தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கூட்டி வருபவளாக இருப்பாள். எழுத எவ்வளவோ இருக்கும்.

பெயரில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஆங்கிலப் பட்டியலைக் கம்ப்யூட்டர் தமிழாக்கினால் மாதேஷ் 'மடேஷ்' ஆவான், மாதம்மாள் 'மத்தம்மாள்' ஆவாள். ஆங்கில எம் என்ற தலைப்பெழுத்து தமிழில் மா.வா, மு.வா, ம.வா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அந்தப் பெயர்களை நம் காதுக்குத் தோன்றியபடி எழுதி வைப்போம். இதற்கு நான் கண்ட வழி எளியது. ஒரு ஏ4 தாளில் முப்பது கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் வரிசை எண்ணைச் சிறிதாக அச்சிட்டு, வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டத்தில் தன் பெயரைத் தன் கையாலேயே கறுப்பு ஜெல் பேனாவில் எழுதட்டும். போனிலிருக்கும் ஸ்கேன் செயலியில் அதை எடுத்து, படத்துக்குக் கீழே அந்தக் கையெழுத்தையே வைத்துவிடலாம். எழுத்துப் பிழைக்கு இடமில்லை. முன்பு பள்ளிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்களே, அதன் மணமும் கொஞ்சம் வந்துசேரும். ஆறாம் வகுப்பில் எழுதிய கையெழுத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படம் எடுக்க ஸ்டுடியோ வேண்டியதில்லை. உங்களில் யாரிடம் இருக்கும் நடுத்தர போனும் போதும். வெயில் நேராக விழாத வராந்தா, காலை பத்து மணி வாக்கில், பின்னால் வெற்றுச் சுவர். பிள்ளையைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்துங்கள், நிழல் சுவரில் விழாது. போனைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் சின்னப் பிள்ளைகள் குற்றவாளி மாதிரி அண்ணாந்து பார்ப்பார்கள். முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். அவர்கள் நிறம் அவர்களுடையதாகவே இருக்கட்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வரிசை எண் மாறாமல் எடுத்து, கோப்புக்கு '09ஆ-17' என்பது போல வகுப்பும் எண்ணும் சேர்த்துப் பெயர் வையுங்கள். எமிஸ் எண்ணையோ பிள்ளையின் பெயரையோ கோப்புப் பெயரில் வைக்க வேண்டாம். படம் எங்காவது கைமாறினால் பெயரும் கூடவே போய்விடும்.

அச்சகத்துக்கு வருகிற படங்களில் பாதியைப் பாழாக்குவது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். போனில் பளபளப்பாகத்தான் தெரியும், தாளில் வந்தால் முகம் மங்கிக் கட்டம் கட்டமாக இருக்கும். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். கணக்கு இதுதான்: அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். இரண்டங்குல அகலத் தனிப்படத்துக்கு 600 பிக்சல் போதும். ஏ4 அகலம் முழுக்க வரும் வகுப்புப் படத்துக்கு 2480 பிக்சலாவது வேண்டும். அதனால் வகுப்புப் படத்தை மட்டும் ஒருபோதும் வாட்ஸ்அப் படமாக வாங்காதீர்கள்.

படத்துக்குக் கீழே எழுதுவதை, இறந்த வீரனின் நினைவாக நட்ட நம் ஊர் நடுகற்களிடம் கற்றுக்கொள்ளலாம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில் நடந்த பூசல், ஆநிரையை மீட்கப் போய் இறந்தவன் யார் என்று சில வரியில் சொல்லிவிடுவார்கள். ஆயிரம் வருடம் தாண்டியும் அந்த மனிதன் யார் என்று நமக்குத் தெரிகிறது. நம் மலர்களிலோ 'விளையாட்டு விழாவின்போது எடுத்த படம்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார், இடமிருந்து வலம் பெயர்கள் என்று எழுதுங்கள். படம் எடுத்த அன்றே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கே ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெயர் ஞாபகம் வராது.

எழுத்துக்கு வருகிறேன். கட்டுரை கேட்டால் பிள்ளைகள் 'நூலகத்தின் பயன்', 'மரம் வளர்ப்போம்' என்று எழுதுவார்கள். இப்போது ஏ.ஐ. செயலியிடம் கேட்டு வாங்கியும் வருகிறார்கள். போன வருடம் ஒரு பள்ளியில் வந்த கட்டுரைகளில் ஒன்பது ஒரே மாதிரித் தொடங்கின. பிள்ளைகளைத் திட்டாதீர்கள். கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற வீட்டுப் பையனிடம் தண்ணீர் ஏறுவதை அப்பா எப்படிக் கண்டுகொள்கிறார் என்று கேளுங்கள். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு விடிகாலையில் போய்விட்டுப் பள்ளிக்கு வருபவனிடம் மண்டியைச் சொல்லச் சொல்லுங்கள். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பெண்ணுக்கு, கூடு கட்டும் நாளில் வீட்டில் யாரும் தூங்காமல் இருப்பது தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கமென்றால் மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைக்குப் போகும் அம்மா, எருது விடும் விழா. இதை எந்தச் செயலியும் எழுதித் தராது.

எழுதத் தயங்குபவர்களுக்குப் போனில் குரல் தட்டச்சு இருக்கிறது. 2017லிருந்தே கூகுள் விசைப்பலகை தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். 'வந்துட்டாங்க' என்பதை அது எப்படி எழுதினாலும், அப்புறம் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். பேச்சுவழக்கு மொத்தத்தையும் எழுத்துவழக்காக்கிவிடாதீர்கள். 'களி கிண்டுனாங்க' என்ற வரி அப்படியே இருந்தால்தான் அது அந்த வீடு.

எழுத்துருவைப் பற்றி அச்சகத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வரும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவிலேயே வேலை செய்யும் கடைகள் இன்னும் உண்டு. நீங்கள் போனில் அடித்துக் கொடுப்பது யூனிகோடு. அவர்கள் மாற்றியில் போட்டு மாற்றும்போது கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் நிற்கும், ஸ்ரீ காணாமல் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகு வரும்: பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப்.பில் ஒரு பிள்ளையின் பெயரைத் தேடினால் கிடைக்காது. பக்கம் கோக்கும் மென்பொருளான இன்டிசைன் வைத்திருப்பவர் என்றால் 'வேர்ல்ட்-ரெடி கம்போஸர்' என்ற அமைப்பைப் போட்டால் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காக வரும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் எல்லாம் இலவசம், வாசிக்கவும் சுகம். கான்வா என்ற வடிவமைப்புச் செயலி ஆசிரியர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அட்டை, பிரிப்புப் பக்கம், அழைப்பிதழ் இதற்கெல்லாம் பிள்ளைகளே ஹைடெக் லேபில் உட்கார்ந்து செய்துவிடுவார்கள். 64 பக்க மலரை முழுவதும் அதிலேயே கோக்க வேண்டாம் என்பது என் கருத்து. நீண்ட தமிழ்ப் பத்திகளைப் பிரிக்கும்போது கை அதிகம் வலிக்கும், பக்கம் மாற்றினால் எல்லாம் நகரும். புரூஃபைத் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். தாளில் எடுத்து, வகுப்புக்கு ஒரு நாள் கொடுங்கள், அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

அச்சுச் செலவு தாள், பக்கம், நிறம் மூன்றையும் பொறுத்தது. நான் சொல்வது: உள்ளே கறுப்பு வெள்ளையில், பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள், நடுவில் எட்டோ பதினாறோ பக்கம் மட்டும் வண்ணத்தில் ஆர்ட் பேப்பர், அட்டை தடித்த ஆர்ட் கார்டு, நடுவில் பின். பக்கங்களைப் பாரக் கணக்கில், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் எட்டு, பதினாறு பக்கத் தொகுதிகளாக, முடிவு செய்யுங்கள், 61 பக்கம் என்று போனால் மூன்று பக்கம் வெறுமனே கிடக்கும். ஒரே விவரத்தை எழுதி மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள். ஐந்நூறு படி என்றால், தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் கட்டுப்படியாகும். நூறு இருநூறு போதும் என்கிற சின்னப் பள்ளிகளுக்கு டிஜிட்டல் அச்சே நல்லது. பணத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம், பழைய மாணவர்கள், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் என்று வழிகள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் மட்டும் வசூலிக்காதீர்கள். காசு கொடுக்க முடியாத பிள்ளை, 'எனக்கு வேண்டாம் டீச்சர்' என்றுதான் சொல்லும்.

கியூ.ஆர். குறியீட்டில் எனக்கு ஆசை உண்டு, பயமும் உண்டு. பாட்டியின் கும்மிப்பாட்டையோ, இருளர் வீட்டுப் பிள்ளை பாடும் பாட்டையோ, காலை வழிபாட்டின் சத்தத்தையோ தாளில் வைக்க முடியாது. பக்கத்தின் மூலையில் ஒரு குறியீடு இருந்தால் அது கேட்கும். இதுதான் டிஜிட்டல் கருவி நம் மலருக்கு உண்மையாகவே சேர்க்கிற புதுமை. ஆனால் இலவசமாகக் கியூ.ஆர். செய்துதரும் பல தளங்கள் 'டைனமிக்' வகையைத் தருகின்றன. அது முதலில் அவர்கள் தளத்துக்குப் போய்த்தான் உங்கள் பக்கத்துக்கு வரும். இலவசக் காலம் முடிந்ததும் காசு கேட்கும், கொடுக்காவிட்டால் ஐந்நூறு புத்தகத்திலும் அந்தக் கட்டம் செத்துவிடும். 'ஸ்டேட்டிக்' வகையைத் தேர்ந்தெடுங்கள், முகவரி அதற்குள்ளேயே இருக்கும். ஒலிகளைத் தனி ஆள் கணக்கில் ஏற்றாமல், பள்ளியின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதில் ஏற்றுங்கள். அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஹெச்.எம். பீரோவில் வையுங்கள், மாறுதல் வந்தாலும் அடுத்தவர் கைக்குப் போகும். குறியீடு இரண்டு செ.மீ.க்குக் குறையக் கூடாது, சுற்றிலும் வெள்ளை விட வேண்டும், பழைய மலிவான போனில் சோதிக்க வேண்டும். பாட்டின் வரிகளையும், பாடியவர் பெயரையும், ஊரையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். நாளைக்குக் குறியீடு வேலை செய்யாவிட்டாலும் பாட்டு மிஞ்சும்.

இப்போது நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். பிள்ளைகள் படத்தை நெட்டில் போடலாமா? முகம் தெளிவாகத் தெரியும் தனிப்படத்தைப் பொதுவில் போடவே வேண்டாம் என்பது என் உறுதியான பதில். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின், சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதாவது உங்கள் பிளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலோர் சட்டப்படி குழந்தைகளே.

சட்டத்தை விடுங்கள், நம் மாவட்டத்தைப் பாருங்கள். பெண்பிள்ளைகளுக்கு வயது நிரம்பும் முன் கல்யாணம் பேசுவது இங்கே இன்னும் ஓயவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு பெண் நடனமாடிய வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது, யாரோ ஏதோ எழுதினார்கள், மறுவாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. இது நான் அறிந்த ஒரு பள்ளியில் நடந்தது. வீடியோ போட்டவர் நல்ல மனதோடு, பெருமையாகத்தான் போட்டார். அவள் படிப்பை யார் திருப்பித் தருவது? இப்போது ஒரே ஒரு முகப்படத்தை வைத்துப் பொய்ப்படம் செய்கிற வசதி எல்லாப் போனிலும் வந்துவிட்டது. அப்படி ஏதாவது நடந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் மலரிலேயே அச்சிட்டு விடுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மொத்தமாக ஒரே கையெழுத்து வாங்காமல் மூன்றாகப் பிரியுங்கள்: அச்சு மலரில் படம் வரலாமா, பள்ளிக்குள் மட்டும் பகிரும் பி.டி.எஃப்.பில் வரலாமா, பொதுவில் போடும் குழுப்படத்தில் இருக்கலாமா. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். அப்பா சரி என்று சொல்லியும் பிள்ளை வேண்டாம் என்றால், வேண்டாம்தான். மறுத்த பிள்ளையின் இடத்தைக் காலியாக விடாதீர்கள். அவள் வரைந்த படமோ, அவள் கையெழுத்திட்ட பெயரோ அங்கே வரட்டும். விடுதியிலோ காப்பகத்திலோ இருந்து வரும் பிள்ளைகள் விஷயத்தில் காப்பாளரைக் கேட்காமல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அப்படியானால் இன்ஸ்டாகிராம் பக்கம் எதற்கு? எனக்குத் தெரிந்த நல்ல வேலைகள் சில உண்டு. பிள்ளைகள் வரைந்த ஓவியம், எழுதிய நாலு வரிக் கவிதை, அட்டைப்படத்துக்கு வந்த மூன்று மாதிரிகளில் எது என்று வாக்கெடுப்பு, வெளியீட்டு நாள். முகம் வேண்டாம், கை போதும்: மண் பிசையும் கை, விதை எண்ணும் கை. இதை நடத்துவது பெரியவர்கள் இருவர் கையில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கவே 13 வயது வேண்டும், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை 'லைக் போடுங்கள்' என்று நாமே தள்ளிவிடக் கூடாது.

சமூக ஊடகத்தின் உண்மையான பலன் பழைய மாணவர்களிடம்தான் இருக்கிறது. ஊரில் இருப்பவர், பெங்களூரில் இருப்பவர், வெளிநாடு போனவர் எல்லோரும் ஏதோ ஒரு ஃபேஸ்புக் குழுவில், ஒரு 'பேட்ச்' வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். 'உங்கள் வகுப்புப் படம் இருந்தால் அனுப்புங்கள்' என்று ஒரு அறிவிப்புப் போட்டுப் பாருங்கள், பீரோவுக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வரும். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வருடம் தெரியாத படத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பலகையில் 'சேலம் மாவட்டம்' என்றிருந்தால் அது 1965 அக்டோபர் 2க்கு முந்தியது, அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பள்ளிப் படத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருந்தால் 2004 பிப்ரவரிக்கு முந்தியது. 'பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.' என்றிருந்தால் 1978ல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு எடுத்தது. இந்தத் துப்புத்துலக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள், வரலாற்றுப் பாடத்தில் கிடைக்காத ஆர்வம் அதில் வரும். வந்த படங்களை 'அன்று', அதே இடத்தில் இன்று எடுத்ததை 'இன்று' என்று எதிரெதிர்ப் பக்கங்களில் போடுங்கள். பணம் தேடும் வேலையும் பாதி அங்கேயே முடிந்துவிடும். தன் படத்தைப் பார்த்தவர் அச்சுச் செலவைக் கேட்காமல் போகமாட்டார்.

காலக் கணக்கு சுருக்கமாக: காலாண்டுத் தேர்வுக்குள் பெயர், தனிப்படம், ஒப்புதல். அரையாண்டு விடுமுறைக்குள் எழுத்தும் ஒலியும். பொங்கல் முடிந்ததும் லே-அவுட், புரூஃப். பிப்ரவரி கடைசிக்குள் புத்தகம் கையில். அதைத் தாண்டினால் பிளஸ் டூ பிள்ளைகள் பொதுத்தேர்வு என்று பறந்துவிடுவார்கள், மலர் யாருக்காகவோ அவர்களே அங்கே இருக்கமாட்டார்கள்.

அச்சான பிறகு இரண்டு பி.டி.எஃப். வையுங்கள். அச்சுக்குப் போன பெரியது பள்ளிக் கம்ப்யூட்டரிலும், அதற்கு வெளியே இன்னொரு ஹார்டு டிஸ்க்கிலும். சிறியது பள்ளிக் குழுக்களுக்குள் பகிர மட்டும். பென் டிரைவையோ ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கையோ நம்பாதீர்கள், என்னைப் போல வருத்தப்பட வேண்டியிருக்கும். புத்தகத்தில் மூன்று படியைப் பள்ளி நூலகப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுங்கள், இரண்டு வெளியே போகாத படிகளாக இருக்கட்டும்.

மீதி இருப்பதை வகுப்பில் கொடுக்கும்போது அதே ஷீட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து 'கையில் கொடுத்தது' என்று பெயர் வையுங்கள். கொடுத்துக் கொடுத்துக் குறித்து வந்தால், எட்டுப் பத்துப் பேருக்கு முன்னால் அது வெறுமையாக நிற்கும். டி.சி. வாங்கிப் போனவர்கள், அப்பாவோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போனவன், பொங்கலுக்கு அப்புறம் வராமலே போன பத்தாம் வகுப்புப் பெண். அவர்கள் படமும் கையெழுத்தும் மலரில் இருக்கிறது. அதே ஊரிலிருந்து வரும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம், இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமை நீங்களே போய்க் கொடுக்கலாம். அந்தப் பெண் வீட்டுக்கு மட்டும் கட்டாயம் நீங்களே போங்கள் டீச்சர், புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவள் அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.